திறப்பைக் கொடுத்தது நான், கையெழுத்தை வைத்தது நீ

சிவமயம்

திருகோணமலை
23.08.1998

அன்புள்ள மகன் இராசதுரைக்கு,

கோணேசர் துணையால் நானும் தங்கச்சி பூரணியும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், மனதைப் பற்றிக் கேட்காதே. நீ அந்தக் குளிர் நாட்டில் நெஞ்சுச் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பத்திரகாளி அம்மனிடம் நேர்ந்துகொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். எழுத்து என்னுடையது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சோறு வடிக்கும்போது முன் மண்டபத்தில் இராணுவ முகாம்காரரின் வானொலிப் பெட்டி திடீரென்று கத்தியது, நான் திடுக்கிட்டுப் பானையைச் சரித்துவிட்டேன், வலது கை கஞ்சியில் வெந்துபோய்க் கட்டோடு இருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை, பயப்படாதே. நான் சொல்லச் சொல்லப் பூரணி எழுதுகிறாள். நான் ஒன்று சொல்ல அவள் அதைத் திருத்தமாக இன்னொன்றாக எழுதுகிறாள், ஆகையால் யோசனையில்லாதவன் என்று எங்கேயாவது கண்டால் நான் சொன்னது விசரன் என்று விளங்கிக்கொள். தபாலில் போட்டால் உன் கையில் கிடைக்கும்போது காரியம் கெட்டுவிடும் என்பதால் நாளைக்கு இதை முஹம்மது தம்பியின் கடையிலிருந்து பக்ஸ் மெசினில் அனுப்புவாள். அவர் வாசித்தால் வாசிக்கட்டும், ஊருக்கே தெரிந்த கதைதான். ஓம், மகன், எங்கள் வீட்டு முன் மண்டபத்தில்தான் முகாம்காரரின் பெட்டி கத்துகிறது. குலசிங்கம் சித்தப்பா உனக்கு ரெலிபோனில் சொன்ன கதை வேறாக இருக்கும், அதனால் நடந்ததை நடந்தபடி முதலிலிருந்து சொல்கிறேன், பிறகு உன்னை ஏசுகிறேன்.

போன மாதக் கடைசியில் சம்பூரில் என் மச்சாள் சிவகாமிப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் காரியம் வந்தது. சாவுக்குத்தான் போக முடியவில்லை, காரியத்துக்காவது போகாவிட்டால் நாளைக்கு எங்கள் வாசலுக்கு யார் வருவார்கள் என்று நானும் பூரணியும் மூதூர் லோஞ்சில் ஏறிக் கடல் தாண்டிப் போனோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது பக்கத்து வீட்டாரிடம் திறப்பைக் கொடுத்து, பொழுதுபட ஒரு விளக்கு ஏற்றி வையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம் என்பது உனக்குத் தெரியும், வீடு இருண்டு கிடக்கக்கூடாது. நீ இருந்த காலத்தில் பாக்கியரத்தினம் மாஸ்டர் வீட்டில் கொடுப்போம். அவர்கள் வெள்ளவத்தைக்குப் போய் ஒரு வருடமாகிறது, மற்றப் பக்கத்து வீட்டுக்காரரும் போய்விட்டார்கள், ஒழுங்கையில் பக்கத்து வீடு என்று இப்போது மிச்சம் இருப்பது முகாம் ஒன்றுதான். அங்கே ஓர் இளம் அதிகாரி இருக்கிறான், உன்னைவிட நாலைந்து வயது குறைந்த பிள்ளை, மீசைகூட இன்னும் ஒழுங்காக வரவில்லை, என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றி அம்மே என்பான். நான் நேரே போய் அவன் கையில் திறப்பைக் கொடுத்து, விளக்கு எங்கே, எண்ணெய்ப் போத்தல் எங்கே, திரி எங்கே என்று எல்லாம் சொல்லிவிட்டு லோஞ்சு ஏறினேன். பூரணி அப்போதே என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்படுகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான்தான் அவளை ஏசினேன்.

காரியம் முடிந்து திரும்ப வெளிக்கிட்டால் லோஞ்சை நிற்பாட்டிவிட்டார்கள், நினைத்த நாளுக்கு வர முடியவில்லை. வந்து பார்த்தால் விளக்கு எரிகிறது. சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி, திரி தட்டி, அடியில் ஒரு நந்தியாவட்டைப் பூவும் வைத்து எரிகிறது. அந்த விளக்குக்குக் கீழே இரண்டு மடக்குக் கட்டில், ஒரு வானொலிப் பெட்டி, நாலு சோடிச் சப்பாத்து. மேல்மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், உன் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு யன்னல் முழுக்க மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்த யன்னலில் நின்றால் உட்துறைமுகத்தில் போகிற வருகிற எல்லா வள்ளமும் தெரியும் என்று நீயே எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் நின்று பார்த்திருக்கிறாய், அது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. இது என்ன தம்பி என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். அவன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "அம்மேதானே திறப்பு தந்தது" என்றான். கதவை உடைத்துக்கொண்டு வந்திருந்தால் மண் வாரித் தூற்றியிருப்பேன், விளக்கேற்றி வைத்த பிள்ளையை என்ன சொல்லி ஏசுவது, நீ சொல்லு பார்ப்போம். கொஞ்ச நாளைக்குத்தான் அம்மே என்றான், நானும் சரி என்று பின்னறைக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து நானும் பூரணியும் பின்னறையிலும் குசினியிலும் சீவிக்கிறோம். என் கிணற்றுக்கு நான் போக ஒருவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம் சோதனை எழுதப்போகிற பிள்ளை நெல்மூட்டையில் சாய்ந்திருந்து படிக்கிறது. படிக்கிறதும் என்ன, அரசியல் பாடத்துக்கு என்று பள்ளிக்கூட நூல்நிலையத்திலிருந்து அரசியலமைப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், சோற்றுக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டால் பதினாலாம் உறுப்புரை என்கிறாள். நாட்டுக்குள் எங்கே வசிப்பது என்று தெரிந்தெடுக்கும் சுதந்திரம் எங்களுக்கு அதில் எழுதியிருக்கிறதாம். அவசரகாலச் சட்டத்தில்கூட ஒருவருடைய வீட்டை எடுப்பதென்றால் சும்மா வந்து குந்த முடியாதாம், எழுத்தில் உத்தரவு வேண்டுமாம், உத்தரவு போட்டவருக்கு ஒரு பெயரும் பதவியும் இருக்க வேண்டுமாம், நட்டஈடும் உண்டாம். உத்தரவு என்று ஒன்று இருந்தால்தான் அது சரியா பிழையா என்று நீதிமன்றத்தில் கேட்கலாமாம். அரசாங்கம் எவ்வளவு பெரிதானாலும் அதைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். அந்த வேலியைப் போட்டதும் அரசாங்கம்தானே, விரும்பினால் பிடுங்கி எறியாதோ என்று கேட்டேன். அதுக்குத்தான் அம்மா, பிடுங்கேக்க பாத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது என்றாள். வாய் மட்டும் உன் அப்பாவின் வாய். இவளுடைய நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியிடம் போய், தம்பி, உத்தரவுக் கடதாசி இருந்தால் காட்டுங்கோ என்று கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. தலையைச் சொறிந்தான், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

கோபித்தது குலசிங்கம்தான். முகாமுக்குச் சீமெந்தும் கம்பியும் கொடுக்கிற ஆள், அவருக்கு ஒரே நடுக்கம். சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட இல்லை, நின்றபடியே தொடங்கிவிட்டார். "அண்ணி, அவங்கள் மரியாதையாத்தானே இருக்கிறாங்கள். பேப்பர் காட்டு, பேனை காட்டு எண்டு கேட்டு அவங்களுக்கு ஏன் உங்களை ஞாபகப்படுத்திறியள்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும், உன் அப்பாவின் செத்தவீட்டை முழுக்கத் தோளில் சுமந்தவர். ஆனால் பயந்த மனிதன் செய்கிற உதவியைப் போல உபத்திரவம் உலகத்தில் இல்லை. நான் கேட்ட உத்தரவுக்குப் பதிலாக மேலேயிருந்து வேறொரு கடதாசி வந்தது. சிங்களத்திலும் இங்கிலீசிலும் அடித்திருந்தது, தமிழில் ஒரு சொல்லும் இல்லை, பூரணிதான் அகராதியை வைத்து வாசித்தாள். இந்த வீட்டை நாங்களாகவே முழு விருப்பத்தோடு கொடுக்கிறோம், தேவை முடியும்வரை வைத்திருக்கலாம், வாடகையோ நட்டஈடோ கேட்க மாட்டோம், குடும்பத் தலைவர் கையெழுத்து. நான் வைக்க மாட்டேன் என்றேன். குலசிங்கம் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார், நான் அவர் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்றல்லவா நினைத்தேன்.

போன வாரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நிற்கிறேன், அந்த அதிகாரி சிரித்த முகத்தோடு வருகிறான். "அம்மே, இப்ப பிரச்சின இல்ல. மகன் நல்ல மகன். சைன் போட்டு அனுப்பினது" என்று பக்ஸில் வந்த தாளை நீட்டினான். நான் பார்த்தேன். பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் எழுதி எழுதிப் பழகின அதே கையெழுத்து, கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்து இரண்டு புள்ளியும் குத்தி. குடும்பத் தலைவன் என்ற இடத்தில். சவர்க்காரக் கையோடு தொட்டால் ஈரமாகிவிடும் என்று அவன் தாளைத் தானே பிடித்துக்கொண்டு நின்றான், அந்த நேரத்திலும் அந்தப் பிள்ளைக்கு மரியாதை இருந்தது, உனக்குத்தான் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நீ எந்தக் குடும்பத்துக்குத் தலைவன், மகன். அப்பா போனபிறகு குடும்ப அட்டை எழுத வந்தவர் வீட்டில் ஆம்பிளை யார் என்று கேட்டார், நான் உன் பெயரைச் சொன்னேன், அவர் அந்த இடத்தில் எழுதிக்கொண்டு போனார், அவ்வளவுதான் உன் தலைமை. இந்த வீடு என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது, அவவுக்கு அவவின் அம்மா கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளையோடு போகும், ஆண்பிள்ளை போகிற இடத்து வீட்டில் வாழ்வான். உன் அப்பா ஒரு தகரப்பெட்டியோடுதான் இந்தப் படி ஏறினார், மேல்மாடி முழுக்க அவர் உழைப்பில் எழும்பியது, ஆனாலும் சாகும்வரை யார் வீடு என்று கேட்டால் கனகத்தின் வீடு என்றுதான் சொல்வார். உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, எனக்குப் பிறகு பூரணிக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கதவு நிலைகூட உன்னுடையது இல்லை. உன்னுடையது இல்லாததை நீ தூக்கிக் கொடுத்திருக்கிறாய், அதுவும் முழு விருப்பத்தோடு. அன்று பின்னேரம் கடைக்குப் போய் ரெலிபோன் எடுத்தால், உங்கட நன்மைக்குத்தான் செய்தனான் அம்மா, சண்டை பிடிக்காம இருங்கோ, அடுத்த வருசம் ரெண்டு பேரையும் இஞ்ச எடுக்கிறன் என்கிறாய். நான் வாயைத் திறக்க லைன் அறுந்துபோயிற்று. அறாமல் இருந்தாலும் நீ சரி அம்மா, சரி அம்மா என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுத்து. எழுத்தை நீ வாசித்துத்தான் ஆக வேண்டும். அடுத்த வருடம் எடுக்கிறாயாம். நான் என்ன பார்சலா.

அடுத்த நாள் பூரணியின் ஆக்கினை தாங்காமல் சட்டத்தரணி ஸைனுலாப்தீனிடம் போனோம். குறிஞ்சாக்கேணி ஆள், அப்பாவுக்குப் பழக்கம், வயது போனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்க்கிறார். எல்லாவற்றையும் கேட்டார், உறுதியை வாசித்தார், பிறகு சொன்னார். "தங்கச்சி, தொறப்ப நான் சமாளிப்பன். அயல் ஊட்டுக்காரனுக்குத் தொறப்புக் குடுக்கிறது ஊட்டக் குடுக்கிறது இல்லண்டு எந்த நீதவானுக்கும் வெளங்கும். மகன்ட கையெழுத்துத்தான் தொண்டையில நிக்கிது" என்றார். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்கு ஒன்று போடலாமாம், ஆனால் நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டுமாம், அந்த மாதம் முடியப் போகிறது. அரசாங்கம் ஒரு வீட்டை எடுத்தால் என்ன சட்டத்தில் எடுத்தாய், எவ்வளவு காலத்துக்கு, என்ன கொடுக்கிறாய் என்று நீதிமன்றம் கேட்கும், நாங்களாக விரும்பிக் கொடுத்தால் கேட்க ஒன்றும் இல்லை, முற்றத்து மரத்தில் ஒரு மாங்காய் பறித்துக் கொடுத்த மாதிரி. ஆக, அவர்களுடைய அதிகாரத்துக்கு எங்கே எல்லையோ அந்த இடத்தில் வாயிலைத் திறந்து வாருங்கோ என்று கூப்பிட்டது நீ. இதை மறுப்பதென்றால் நான்தான் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும், வீடு என்னுடையது, மகனுக்கு இதில் ஓர் உரித்தும் இல்லை, அவன் வைத்த கையெழுத்து செல்லாது என்று.

பெற்ற பிள்ளையின் பெயரை எழுதி இவன் சொன்னது செல்லாது என்று நீதிமன்றத்துக்கு அனுப்புவது உனக்கு லேசான காரியமாகத் தெரிகிறதா. குலசிங்கம் கேள்விப்பட்டு ஓடி வந்தார், "பெத்த பிள்ளையைக் கோட்டில ஏத்திறியளோ அண்ணி, நாளைக்கு அவன் கட்டுநாயக்கா ஏப்போட்டில வந்து இறங்கேக்க அவங்கள் இந்தப் பேரை வைச்சுக்கொண்டு நிண்டா என்ன செய்வியள்" என்றார். எனக்கு அந்தப் பயம் இல்லாமல் இல்லை. நீ தை மாதம் வருகிறேன் என்று சொன்னதிலிருந்து நான் எண்ணாத நாள் இல்லை. திரும்பவும் ஸைனுலாப்தீனிடம் போய், ஐயா, இதுக்காக என்ர பிள்ளையைப் பிடிப்பினமோ என்று கேட்டேன். "தெரியாமக் கையெழுத்து வெச்சவனப் புடிக்கச் சட்டத்தில எடமில்ல. ஆனா தங்கச்சி, நான் சட்டத்தைத்தான் சொல்லலாம், ஆக்களச் சொல்ல ஏலா" என்றார். அவர் பொய் சொல்லித் தேற்றியிருந்தால் எழும்பி வந்திருப்பேன். உண்மையைச் சொன்னபடியால் இருந்தேன். புதன்கிழமை கையெழுத்து வைத்துவிட்டேன், மகன். உன்னைக் கேட்கவில்லை. நீ என்னைக் கேட்டாயோ.

ஒரே வீட்டுக்குள் இருப்பவன் மேல் அவன் முதுகுக்குப் பின்னால் வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை, அதனால் வரும் வழியிலேயே அந்த அதிகாரியிடம் சொன்னேன், தம்பி, அந்தக் கையெழுத்து வைத்தவன் வீட்டுக்காரன் இல்லை, வீட்டுக்காரி நான், எனக்கு விருப்பம் இல்லை, கோட்டுக்குப் போகிறேன், உன்னோடு எனக்குக் கோபமும் இல்லை என்று. அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு, நல்லது அம்மே, விருப்பமில்ல என்று நான் மேலே எழுதுறன், அப்ப அவங்க ஓடர் எழுதத்தான் வேணும் என்றான். அவனுக்கும் ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. ஆனால் எல்லாரும் அவன் இல்லையே. மறுநாள் காலையில் ஒழுங்கை முனையில் நிற்கிறவன் பூரணியின் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்து ஒவ்வொரு கொப்பியாக விரித்துப் பார்த்திருக்கிறான், மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு இவளை மட்டும். அதில் அந்த அரசியலமைப்புப் புத்தகமும் இருந்ததாம். அரசாங்கம் அடித்த புத்தகம்தானே என்று இவள் அவனுக்கே விளக்கம் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்குப் பிந்திப் போனதற்கு அங்கேயும் ஏச்சு. இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு. கை கடுக்கிறது, கட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன், அதற்குள் இவள் தன் சுகத்தை எழுதட்டும்.

அண்ணா, இந்தப் பந்தி நான் எழுதுவது, அம்மா பின்னறைக்குப் போய்விட்டார். நான் சுகம். புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அட்டை மட்டும் கிழிந்தது, ஒட்டிவிட்டேன். எல்லாரும் என்னைத்தான் ஏசுகிறார்கள், சித்தப்பா என்னை வழக்குப் பேசுகிற அப்புக்காத்து அம்மா என்று கூப்பிடுகிறார், பரவாயில்லை. அம்மா சொல்லாமல் விட்ட ஒன்றை நீங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். புதன்கிழமை சட்டத்தரணி ஐயா சத்தியக் கடதாசியைத் தமிழில் உரத்து வாசித்தார். அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனது மகன் இராசதுரை என்பவர் மேற்படி வீட்டில் எவ்வித உரித்தும் அற்றவர் என்ற இடம் வந்ததும் ஓம் வரவில்லை. ஐயா திரும்பவும் வாசித்தார். அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு, இதுக்குக் கீழே அவன் எங்களில உள்ள அன்பிலதான் இப்பிடிச் செய்தவன் எண்டு எழுதுங்கோ என்றார். அது வழக்குக்குத் தேவையில்லை, நீதிமன்றம் அதைக் கேட்காது என்று ஐயா விளக்கினார். தேவையில்லாட்டி என்ர கையெழுத்தும் தேவையில்லை என்று அம்மா எழும்பிவிட்டார். நான் பயந்துபோனேன் அண்ணா, அன்றைக்கு விட்டால் அவர் திரும்ப வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஐயா தட்டச்சுக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் புதிதாக அடிக்கச் சொன்னார். எட்டாம் பந்தியில் இருக்கிறது, தாயாரிலும் சகோதரியிலும் கொண்ட அன்பினாலும், வீட்டின் உரித்தை அறியாமலும், அவர் அக்கையெழுத்தை வைத்தார் என்று நான் மெய்யாகவே நம்புகிறேன். அதை வாசித்த பிறகுதான் அம்மா கையெழுத்து வைத்தார். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அம்மா சத்தியம் செய்து நாட்டின் பெரிய நீதிமன்றத்துக்கே அனுப்பியிருக்கிறார், ஆகையால் அவர் இங்கே என்ன ஏசினாலும் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஏச்சும் நியாயம்தான். வழக்கு வெல்லுமோ தெரியாது, எங்கள் பாட ரீச்சரைக் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினார். வீட்டை எடுக்கத்தான் போகிறார்கள் என்றால் எடுக்கிறோம் என்று ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதி எடுக்கட்டும். அம்மா வருகிறார்.

என்ன இவ்வளவு எழுதினாய் என்று கேட்டால் காலநிலையைப் பற்றி எழுதினேன் என்கிறாள், இருக்கட்டும். மகன், இப்போது செய்ய வேண்டியதைக் கேள், தலையை ஆட்டாமல் கேள். அங்கே ஒரு சட்டத்தரணியிடம் அல்லது சத்தியம் முடிக்கிறவரிடம் போய், நான் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை, குடும்பத் தலைவன் கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொன்னபடியால் வைத்தேன், அம்மாவைக் கேட்காமல் வைத்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று உன் வாயால் சொல்லி எழுதி முத்திரை வைத்து வாங்கு. அம்மாவைக் கேட்காமல் என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஸைனுலாப்தீன் சொன்னார். அவருடைய பக்ஸ் நம்பர் இந்தத் தாளின் மேல் ஓரத்தில் பூரணி பெரிதாக எழுதுவாள், அங்கே அனுப்பு, சித்தப்பாவின் கடைக்கு அனுப்பாதே, அவர் திரும்பவும் ஏதாவது நன்மை செய்துவிடுவார். இந்தக் கிழமைக்குள் அனுப்ப வேண்டும். எனக்கு வீடு வாசல் ஒன்றும் இல்லை என்று அந்நிய நாட்டில் ஒரு பிறத்தியானுக்கு முன்னால் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கு விளங்குகிறது. உன் சிநேகிதர் எல்லாம் ஊரில் எங்கட வீடு, எங்கட வீடு என்று பேசுவார்கள், நீயும் பேசியிருப்பாய். சொல்லு. சொன்னால் குறைந்துபோக மாட்டாய். நீ அனுப்பாவிட்டாலும் வழக்குப் போகும், என் சொல்லும் உன் கையெழுத்தும் எதிரெதிராக நிற்கும், அதைப் பார்க்க வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்குள் தொப்பி இல்லாமல் திரியாதே. வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடாதே. யார் கடதாசி நீட்டினாலும், அது நானாக இருந்தாலும், முதலில் இது யாருடையது என்று கேட்டுவிட்டுப் பேனையை எடு. உனக்கு ஒரு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும், அவளுடைய வீட்டில் நீ உன் அப்பாவைப் போல மரியாதையாக வாழ வேண்டும், பத்திரகாளி அம்மன் உன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிற்க வேண்டும். தை மாதம் வருகிறேன் என்றதை மாற்றாதே. அவர்கள் அன்றைக்கு முன் மண்டபத்தில் இருந்தாலும் இருப்பார்கள், நீ பின்வாசலால் வரலாம், பின்னறையில் நான் பாயை விரித்துவிட்டுக் குசினியில் படுப்பேன். இந்த வீட்டைக் கொடுக்க உனக்கு உரித்து இல்லை என்று நான் சத்தியம் செய்து கொடுத்தது உண்மை. இந்த வீட்டுக்கு வர உனக்கு உரித்து இல்லை என்று எவன் சொன்னாலும், அது முகாமாக இருந்தாலும் அரசாங்கமாக இருந்தாலும், அதற்கு வேறு வழக்குப் போடுவேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா,
கனகமணி

எழுதியது: பூரணி